கார் பெட்ரோல் டேங்க் மூடி மாத்தப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க: எனக்கு 7,350 ரூபாய் போச்சு

இப்பதான் ஒர்க்‌ஷாப்ல இருந்து வந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கல. ஒரு பிளாஸ்டிக் மூடியால 7,350 ரூபாய் தண்டம்!

பழைய பெட்ரோல் கார். டேங்க் மூடி ரப்பர் ரிங்ல வெடிப்பு விட்டு, வண்டிக்குப் பின்னாடி நின்னாலே பெட்ரோல் வாடை. மழைக்கு முன்னாடி மாத்திடலாம்னு ஜி.பி. ரோட்டுல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். பேர் சொல்லல, வம்பு வேணாம்.

பழைய மூடியை வாங்கிப் பார்த்துட்டு, "ஒரிஜினலே தர்றேண்ணே"ன்னு உள்ளே போய் ஒரு டப்பா எடுத்துட்டு வந்தார். ஹோலோகிராம் ஸ்டிக்கர், பார்ட் நம்பர், எல்லாம் பக்கா. நான் யோசிக்கறதைப் பார்த்துட்டு அவரே வண்டிகிட்ட வந்து மாட்டினார். டக் டக்னு சத்தம். "கேட்டீங்களா? இனிமே ஒரு சொட்டு இறங்காது. என் மச்சான் வண்டிக்கும் இதான்." ஒரு மனுஷன் வெயில்ல ரோட்டுக்கு வந்து மாட்டித் தர்றாரே, நம்பாம என்ன செய்யறது? 850 ரூபாய். பில்லுல "பார்ட்ஸ் 1"னு மட்டும் கிறுக்கிக் கொடுத்தார்.

ராத்திரி பூரா கொட்டின மழைக்கு அப்புறம் வண்டி திணறித் திணறி கிண்டி பாலத்துகிட்ட நின்னே போச்சு. மெக்கானிக் டேங்கை இறக்கிக் காட்டினார், அடியில தண்ணி. ரிங் ஓரத்துல உட்காரவே இல்லையாம், சத்தம் மட்டும்தான் ஒரிஜினல். இப்போ வர்ற பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம். அது தண்ணியை இழுத்துக்கும். அளவு மீறினா பிரிஞ்சு அடியில தங்கிடும். பம்ப் உறிஞ்சறதும் அடியில இருந்துதானே.

மூடி 850, டோ வண்டி 1,500, டேங்க் கிளீனிங், ஃபில்டர், கூலி 3,600, கொட்டின பெட்ரோல் 1,400. ஆக 7,350.

போன் பண்ணினா, "முதலாளி சாப்பிடப் போயிருக்காரு." மறுபடி பண்ணினா, "கல்யாணத்துக்குப் போயிருக்காரு." நேர்ல போய் நின்னேன். அன்னிக்கு அண்ணே, இன்னிக்கு சார்! "ரப்பர் ஐட்டத்துக்கு கேரண்டி கிடையாது சார்." அப்புறம், "பில்லுல டேங்க் மூடின்னு எங்க இருக்கு?" கடைசியா, "பங்க்ல தண்ணி கலந்திருப்பான், அங்க போய்க் கேளுங்க." 7,350 ரூபாய் போனவன்கிட்ட பேசற பேச்சா இது?

எப்படிப் பார்த்து வாங்கணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போ பொறுமை இல்ல. சுருக்கமா: சத்தத்தை நம்பாதீங்க, மாட்டிக் கழட்டி ரிங்ல சுத்திவர தடம் விழுந்திருக்கான்னு பாருங்க. பில்லுல பார்ட் பேரும் நம்பரும் எழுதச் சொல்லுங்க. மூடிக்குக் கீழே குழியில தண்ணி வடியற ஓட்டை இருக்கும், மண் அடைக்காம பார்த்துக்கோங்க. பங்க்ல பையன் மூடினதும் நீங்களும் ஒரு தடவை திருகிப் பாருங்க.

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் கொடுத்தாச்சு. அந்த மூடி என்கிட்டதான் இருக்கு, தர மாட்டேன்.