லாஸ்ட் தொடரின் முடிவு: எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு

கடைசிக் காட்சி வரை எல்லாவற்றையும் இதில் பேசுகிறேன். இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. மற்றவர்கள் சண்டைக்கு வரலாம்.

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2004 செப்டம்பர் 22 அன்று தொடங்கிய லாஸ்ட், ஆறு சீசன்கள் ஓடி 2010 மே 23 அன்று முடிந்தது. சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் ஓசியானிக் 815 விமானம் ஒரு தீவில் விழுகிறது. பிழைத்தவர்கள் மீட்புக்குக் காத்திருக்கிறார்கள். தீவோ சும்மா இருப்பதாக இல்லை. இதற்கு மேல் கதையைச் சுருக்கிச் சொல்ல முயன்றவர்கள் யாரும் உருப்பட்டதில்லை.

முதலில் வாரம் ஒன்றாகப் பார்த்தேன். பிறகு டிவிடியில், அதற்கும் பிறகு ஓடிடியில், ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்தில் வேறு வேறு ஆட்கள். அண்ணன் விடை தேடும் கட்சி. அண்ணிக்கு மர்மம் எக்கேடு கெட்டாலும் கவலையில்லை, மனிதர்கள் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும். அண்ணன் மகன் ஆறு சீசன்களையும் ஒரே விடுமுறையில் விழுங்கியவன். மூவரும் பார்த்தது ஒரே தொடரைத்தானா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு.

முதலில் ஒரு குப்பையை அகற்றிவிடுகிறேன். “விமானம் விழுந்தபோதே எல்லோரும் செத்துவிட்டார்கள், தீவுதான் மறுவுலகம்” என்று சொல்பவர்களை இன்றும் சந்திக்கிறேன். விடிய விடிய ராமாயணம் கேட்டுவிட்டுச் சீதைக்கு ராமன் சித்தப்பா என்ற கதை. கடைசி எபிசோடில், பிழைத்தவர்களின் தலைவனாக விளங்கிய மருத்துவர் ஜாக்கின் அப்பா கிறிஸ்டியன், மகனிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்: உனக்கு நடந்ததெல்லாம் உண்மை, இங்கே கூடியிருப்பவர்களில் சிலர் உனக்கு முன்பே இறந்தவர்கள், சிலர் உனக்கு வெகுகாலம் கழித்து இறந்தவர்கள். ஆறாம் சீசனில் தீவுக் கதைக்கு இணையாக ஓடும் அந்த இன்னொரு வாழ்க்கை மட்டும்தான் இறப்புக்குப் பிந்தையது.

ஆனாலும் குழம்பியவர்கள் தலையில் முழுப் பழியையும் போட மாட்டேன். கடைசி எபிசோடின் முடிவில் பெயர்கள் ஓடும்போது, ஆளில்லாத கடற்கரையில் விமானச் சிதைவுகள் கிடக்கும் காட்சிகளைக் காட்டினார்கள். உருக்கமான முடிவுக்கும் அதற்கடுத்து வரும் செய்திக்கும் நடுவே பார்ப்பவர்கள் சற்று மூச்சுவிடட்டும் என்று சேனல் சேர்த்த துண்டு அது. கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்லெண்ணம்தான். ஆனால் ஆறு வருடங்களாகத் திரையின் மூலைமுடுக்கெல்லாம் துப்புத் தேடிப் பழகிய கண்களுக்கு முன்னால் அப்படி ஒரு படத்தைப் போட்டால், ஆளில்லாத கடற்கரையைப் பார்த்து யாருமே பிழைக்கவில்லை என்று அவர்கள் முடிவு கட்டாமல் வேறு என்ன செய்வார்கள்?

அந்தப் பழக்கத்தில்தான் இந்தச் சண்டையின் வேர் இருக்கிறது. பார்வையாளர்களைத் துப்பறிவாளர்களாக வளர்த்துவிட்டது தொடரேதான். 4, 8, 15, 16, 23, 42 என்ற எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிழைத்தவர்களில் ஒருவனான ஹர்லி லாட்டரியில் ஜெயித்த எண்கள் அவை. காட்டுக்குள் கண்டெடுத்த இரும்பு மூடியின் மேலும் அவையே. அந்த மூடிக்குக் கீழே இருக்கும் பதுங்கறைக்குள் 108 நிமிடங்களுக்கு ஒருமுறை கணினியில் தட்ட வேண்டியவையும் அவையே. கூட்டினால் 108 வரும். இரண்டாம் சீசனில் ஓர் இரும்புக் கதவின் மேல் புற ஊதா வெளிச்சத்தில் மட்டும் தெரியும் வரைபடம் ஒன்று சில விநாடிகள் வந்து மறையும். அதை நிறுத்தி, பெரிதாக்கி, ஓரத்தில் கிறுக்கியிருந்த லத்தீன் வரிகள் வரைக்கும் படித்தவர்கள் இருந்தார்கள். ஒரு காலத்தில் தீவில் ஆராய்ச்சி நடத்திய தர்மா நிறுவனத்தின் பயிற்சிப் படச்சுருளில் ஒரு துண்டு வெட்டப்பட்டிருக்கும். அந்தத் துண்டு வேறொரு பதுங்கறையில், குடையப்பட்ட பைபிளுக்குள் கிடைக்கும். இப்படியெல்லாம் பார்ப்பவர்களை வளர்த்துவிட்டு, கடைசியில் ‘கதாபாத்திரங்கள்தான் முக்கியம், மர்மம் இரண்டாம்பட்சம்’ என்றால் கோபம் வரத்தான் செய்யும். அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது.

அவருடைய வாதத்தின் கூர்மையான பகுதி வேறு. எண்களுக்குத் தொடருக்குள் கிடைக்கும் விடை, தீவின் காவலர் ஜேக்கப் தனக்குப் பின் வரத் தகுதியானவர்களுக்கு இட்ட வரிசை எண்கள் என்பது. லாக் 4, ஹர்லி 8, சாயர் 15, சயீத் 16, ஜாக் 23, ஜின், சுன் என்ற குவான் தம்பதியில் யாரோ ஒருவர் 42. மனிதகுலம் அழியும் காலத்தைக் கணிக்கும் சமன்பாட்டின் மாறிலிகள் அவை என்ற விளக்கமோ, 2006-இல் இணையத்தில் நடத்திய ஒரு விளையாட்டில்தான் வந்தது. பனிக்கரடி, வானத்திலிருந்து விழும் உணவுப் பெட்டிகள் போன்றவற்றுக்கான விளக்கம், தொடர் முடிந்த பிறகு டிவிடியோடு வந்த பன்னிரண்டு நிமிடப் பின்கதையில். “கேள்வியைத் திண்ணையில் போட்டுவிட்டு விடையைக் கடையில் வைத்து விற்கிறார்கள்” என்பார் அண்ணன். இதற்கு என்னிடம் மறுப்பு கிடையாது.

என்றாலும், ‘ஒன்றுக்கும் விடை சொல்லவில்லை’ என்ற புகாரோடு என்னால் ஒத்துப்போக முடியாது. முழுவதும் தெரிந்துகொண்டு மறுபடி பார்க்கும்போது, விடைகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடக்கின்றன. சொன்ன விதம்தான் சோர்வு. காட்டில் கேட்கும் கிசுகிசுப்புகள் முதல் சீசனிலிருந்து நம்மை மிரட்டுகின்றன. ஆறாம் சீசனில் இறந்துபோன மைக்கேல் வந்து நின்று, தீவை விட்டுப் போக முடியாத ஆவிகள் நாங்கள்தான் என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறான். ஹர்லி தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறான். ஐந்து வருடத்து அச்சத்துக்கு அரை நிமிடத்துப் பைசல்! ஜேக்கப்பும் அவன் சகோதரனும் பிறந்த கதையைச் சொல்லும் எபிசோடில் நேர்ந்தது இதற்கு நேர் எதிர். முடிவுக்கு மிக அருகில் வந்து, நமக்குப் பழகிய முகங்களையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, ஒளி பாயும் குகையைக் காட்டி உட்காரவைத்தார்கள். வாராவாரம் பார்த்த காலத்தில் எனக்கு அது பெரும் எரிச்சல். தொடர்ச்சியாகப் பார்த்தால் அவ்வளவு உறுத்தவில்லை. அடுத்தது ஒரு விரல் தூரத்தில்தானே இருக்கிறது.

பார்க்கும் வேகம் கருத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு மூன்றாம் சீசனைவிட நல்ல சாட்சி இல்லை. ஜாக், கேட், சாயர் மூவரும் பக்கத்துத் தீவில் அடைபட்டுக் கிடக்கும் பகுதியை 2006 இறுதியில் ஆறு எபிசோடுகள் காட்டிவிட்டு, பிப்ரவரி வரை நிறுத்திவிட்டார்கள். கூண்டுக்குள் கிடந்தது அவர்களா நாமா என்று தோன்றிய மாதங்கள் அவை. “மூன்றாம் சீசனில் என்ன குறை அத்தை? நன்றாகத்தானே போகிறது?” என்றான் அண்ணன் மகன். அவனுக்கு அது ஒரு ராத்திரி.

அந்த இழுவைக்கு ஒரு காரணம் இருந்தது. தொடரை எப்போது முடிப்பது என்று எழுதியவர்களுக்கே அப்போது தெரியாது. நல்ல வருமானம் தரும் தொடரை எந்தச் சேனல்தான் முடிக்க விடும்? ஜாக்கின் கையில் உள்ள பச்சைக்குத்தலின் கதை என்று ஒரு முழு எபிசோடை எடுத்தார்கள். ரசிகர்கள் ஆளுக்கொரு எபிசோடை மோசம் என்பார்கள். இதைக் கேட்டால் மட்டும் எல்லாக் கட்சியும் கைகோத்துக்கொள்ளும். முடிவுத் தேதி இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று தயாரிப்பாளர்களே அதைக் காட்டி வாதாடினார்கள். 2007 மே மாதம் சேனல் இறங்கிவந்தது: இன்னும் 48 எபிசோடுகள், மூன்று சீசன்கள், 2010-இல் முற்றுப்புள்ளி. அந்த மாதமே ஒளிபரப்பான மூன்றாம் சீசன் இறுதியில், கடந்த காலம் என்று நாம் நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தது எதிர்காலம் என்று தெரியவந்த இடம், இந்தத் தொடரின் உச்சம் என்பேன்.

பார்வையாளர் கருத்து கதைக்குள்ளேயே புகுந்ததற்கும் இந்த சீசனில் உதாரணம் உண்டு. திடீரென்று நுழைத்த நிக்கி, பாவ்லோ ஜோடியை யாருக்கும் பிடிக்கவில்லை. எழுத்தாளர்கள் அந்த இருவரையும் உயிரோடு புதைத்துவிட்டார்கள். நகைச்சுவையும் கொடூரமும் கலந்த அந்த எபிசோட் எனக்குப் பிடிக்கும். அண்ணனுக்கு அது நேர விரயம். மறுபக்கம், சில எபிசோடுகளுக்கு மட்டும் அழைக்கப்பட்ட மைக்கேல் எமர்சன், தீவில் முன்பே இருந்தவர்களின் தலைவன் பென் லைனஸாகக் கடைசி வரை இருந்து 2009-இல் எம்மி விருதும் வாங்கினார். பொய் சொல்லும்போது அவர் கண் இமைப்பதே இல்லை என்பது பிந்தைய சுற்றுகளில்தான் எனக்குப் பிடிபட்டது. உண்மை சொல்லும்போதும் இமைப்பதில்லை, அதுதான் தொல்லை.

எங்கள் வீட்டில் மிகச் சூடான வாதம் எண்களைப் பற்றியோ தீவில் திரியும் புகை அரக்கனைப் பற்றியோ அல்ல. ஜின், சுன் தம்பதியைப் பற்றி. மூழ்கும் நீர்மூழ்கிக் கப்பலில் சுன் இடிபாடுகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறாள். ஜின் தப்பிக்கலாம், தப்பிக்காமல், உன்னை விட்டுப் போக மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்தபடி மூழ்குகிறான். நீண்ட பிரிவுக்குப் பிறகு கிடைத்த மனைவி, அந்தக் கணத்தில் வேறு எதுவும் நினைவுக்கு வராது என்பது என் கட்சி. அண்ணி விடவே இல்லை. “கொரியாவில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அவன் அதன் முகத்தை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. சுன்னாவது ‘போங்க, பிள்ளை இருக்கிறாள்’ என்று சொல்ல வேண்டாமா? எழுதியவனுக்குப் பிள்ளை குட்டி கிடையாதா?” என்று கேட்டார். பல தடவை அந்தக் காட்சியில் அழுத எனக்கு, இப்போது அழும்போதெல்லாம் அண்ணியின் குரலும் கூடவே கேட்கிறது. கப்பலுக்குள் குழந்தையைப் பற்றி ஒரு வரி பேச வைத்திருந்தால் காட்சி இன்னும் கனத்திருக்கும். அந்த வரியை அவர்கள் எழுதவில்லை என்பதே உண்மை.

மைக்கேலின் மகன் வால்ட் விஷயத்தில் மட்டும் நாங்கள் நால்வரும் ஒரே கட்சி: ஏமாற்றம். விசேஷச் சக்தி உள்ள பையன் என்று பூடகமாகக் காட்டிக் காட்டி, கைவிட்டார்கள். முதல் சீசன் முழுவதும் தீவில் 44 நாட்கள்தான். நடித்த பையனோ மடமடவென்று வளர்ந்துகொண்டிருந்தான். அதைச் சமாளிக்க அவனைக் கதையை விட்டே வெளியே அனுப்பினார்கள். 2023-இல் மோரின் ரயன் எழுதிய நூல் ஒன்று, இந்தத் தொடரின் எழுத்தாளர் அறையில் நிலவிய நச்சுச் சூழலையும் நிற வேற்றுமை பற்றிய புகார்களையும் வெளிக்கொண்டுவந்தது. வால்ட்டின் அப்பா மைக்கேலாக நடித்த ஹெரால்ட் பெரினோவும் தன் அனுபவத்தை அதில் பேசியிருக்கிறார். அதைப் படித்த பிறகு அந்த அப்பா, மகன் கதை பாதியில் அறுந்து போவதைப் பழைய பெருந்தன்மையோடு என்னால் பார்க்க முடியவில்லை.

எத்தனை சுற்று போனாலும் நிறம் மங்காதவையும் இருக்கின்றன. லாக் சக்கர நாற்காலியில் இருந்தவர் என்று தெரியவரும் நான்காவது எபிசோட். டெஸ்மண்ட் காலத்துக்குள் தத்தளித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு காதலி பென்னிக்குத் தொலைபேசியில் பேசும் எபிசோட். அதை லாஸ்ட் பார்க்காதவர்களுக்குத் தனியாகப் போட்டுக் காட்டியிருக்கிறேன், கதை முழுதாகப் புரியாமலே அவர்கள் கண் கலங்கினார்கள். மைக்கேல் ஜியாச்சினோவின் இசை. விமானத்தின் உடைந்த பாகங்களையே தாளக் கருவிகளாக்கி அவர் எழுப்பிய ஓசைகளை இப்போது நல்ல ஒலிபெருக்கியில் கேட்கும்போது பிரித்து அறிய முடிகிறது. மங்கியது எது என்றால், ஆறாம் சீசனின் கோயில் பகுதி. அதை அழுத்தி ஓடவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: சீசன் முடிந்தவுடன் அடுத்ததற்குத் தாவாமல் சில வாரமாவது நிறுத்துங்கள். முதல் சீசன் முடிவில் மூடியைத் திறந்து, உள்ளே இறங்கும் குழியைக் காட்டிவிட்டு நிறுத்தினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று மாதக்கணக்கில் அடித்துக்கொண்டதில் பாதிச் சுகம் இருந்தது. தானாக அடுத்த எபிசோடுக்கு ஓடும் வசதி அதைப் பறித்துவிடும். விடைதான் வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது என்கிற சுபாவம் உள்ளவர்கள் டிவிடியின் அந்தப் பின்கதையையும் தேடிப் பார்த்துவிடுவது உத்தமம். தீவில் கருவுறும் பெண்கள் ஏன் இறக்கிறார்கள் என்பதற்கு அதிலும் முழு விளக்கம் கிடைக்காது.

இதையெல்லாம் விட்டுவிட்டு அண்ணன் மகன் இப்போது வேறொன்றில் நிற்கிறான். ஐந்தாம் சீசனில் சாயர் கூட்டம் துடுப்புப் படகில் போகும்போது, பின்னால் இன்னொரு படகில் வந்து அவர்களைச் சுடுவது யார்? தொடர் அதைச் சொல்லவே இல்லை. அவன் ஒரு தாளில் யார் யார் எந்த ஆண்டில் எங்கே இருந்தார்கள் என்று அட்டவணை போட ஆரம்பித்திருக்கிறான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.