தெருவுக்குத் தாரா, சிமெண்டா, கல்லா?

எங்கள் தெருவில் ரோடு போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் வாட்ஸ்அப் குழு இரண்டு கட்சியாகிவிட்டது. "சிமெண்ட் ரோடு கேளுங்க, அப்புறம் இருபது வருஷம் கவலையில்லை" என்று ஒரு கட்சி. "தார்தான் சரி, மறுநாளே வண்டி விடலாம்" என்று இன்னொன்று. நடுவில் ஒருவர் பேவர் பிளாக் (சிமெண்டில் வார்த்துத் தரையில் பதிக்கும் கல்) படத்தைப் போட்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார்.

முதலில் தார். நாம் இன்று தார் என்று சொல்வது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் மிஞ்சும் பிட்டுமன். நிலக்கரியிலிருந்து எடுத்த பழைய தார் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. செலவு குறைவு, வேலை வேகம், குழி விழுந்தால் ஒட்டுப்போடுவதும் சுலபம். எதிரி தண்ணீர். மழை நின்றபின் ஒரு குழியோரம் குனிந்து பாருங்கள்: கருப்பு உரிந்துபோய், ஜல்லி கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று கிடக்கும். கல்லுக்கும் பிட்டுமனுக்கும் இடையில் தண்ணீர் புகுந்து பிடிப்பை விடுவித்துவிட்டது என்று அர்த்தம். அதன்பின் ஒவ்வொரு டயரும் நாலு கல்லை வெளியே தள்ளும்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தது மதுரை. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் (2018-இல் பத்மஸ்ரீ) செய்த வேலையில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. பிளாஸ்டிக்கைத் தாரில் கரைக்க அவர் மல்லுக்கட்டவில்லை. ஜல்லியைச் சுமார் 160–170 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய கேரி பேக்குகளை அதன்மேல் தூவுகிறார்கள். சூடான தோசைக்கல்லில் விட்ட நெய்போல் பிளாஸ்டிக் உருகிப் பரவி ஒவ்வொரு கல்லுக்கும் மெல்லிய சட்டை போட்டுவிடுகிறது. அதற்கப்புறம்தான் பிட்டுமன். சட்டை போட்ட கல்லில் தண்ணீர் நுழைய வழி குறைவு, பிடிப்பும் பலம். 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் ரோட்டுக்கு ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் போகிறது, அந்த அளவுக்குப் பிட்டுமனும் மிச்சம். ரோடு போடும் முறைகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 2013-இல் இதற்கு வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது. புதிய ஆலை எதுவும் வேண்டாம், தார்க்கலவையைச் சூடாகத் தயாரிக்கிற, இருக்கிற ஹாட் மிக்ஸ் பிளாண்டே போதும்.

ஒரு எச்சரிக்கை: பிவிசி கலந்துவிடக் கூடாது, சூட்டில் அமில வாயு விடும். தேய்மானத்தில் பிளாஸ்டிக் துகள் மண்ணுக்குப் போகாதா என்று கேட்பவர்களையும் நான் கிண்டல் செய்யமாட்டேன், நியாயமான கேள்விதான்.

சரி, சிமெண்ட் ரோடு. உழைப்பில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2002-இல் முழுமையாகத் திறந்த மும்பை–புனே விரைவுச்சாலை கான்கிரீட்தான். தண்ணீர் தேங்கினாலும் தாரைப்போல் உரியாது. ஆனால் முதல் செலவு அதிகம், பொறுமையும் வேண்டும். ஈரச்சாக்கு போர்த்தி நாள்கணக்கில் தண்ணீர் காட்ட வேண்டும். கான்கிரீட் முழு பலத்துக்கு வர 28 நாள் ஆகும் என்பது கணக்கு. வெயிலில் விரிந்து சுருங்க இடம் வேண்டும் என்பதால் சில மீட்டருக்கு ஒருமுறை கீறியும் விட வேண்டும். கீறத் தாமதித்தால் அது தன் இஷ்டத்துக்கு விரிசல் விட்டுக்கொள்ளும்.

இதெல்லாம் சமாளிக்கலாம். தெருவில் சிமெண்ட் ரோட்டின் நிஜமான எதிரி கடப்பாரை. பக்கத்துத் தெருவில் சிமெண்ட் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை, குடிநீர்க் குழாய்க்கு பிரேக்கர் வைத்துக் குறுக்கே உடைத்தார்கள். உடைத்த வாய்க்காலைத் தார் ஊற்றி மூடினார்கள். வெள்ளை வேட்டியில் கரிக்கோடு இழுத்ததுபோல் இன்றும் இருக்கிறது. ஸ்கூட்டர் ஒவ்வொரு தடவையும் தூக்கிப்போடுகிறது.

அந்த வகையில் பேவர் பிளாக் கெட்டிக்காரக் கல். பெயர்த்தெடுத்து, குழாய் போட்டு, அதே கல்லை அதே இடத்தில் வைக்கலாம். வண்டி போகும் இடத்துக்கு 80 மில்லிமீட்டர் தடிமன் கேட்டு வாங்க வேண்டும், 60 நடைபாதைக்குச் சரி. ஓரக்கட்டை உறுதியாக இல்லாவிட்டால் கல் விலகி ஆட ஆரம்பிக்கும். முட்டுச்சந்துக்கு நல்லது, பஸ் போகும் ரோட்டுக்கு வேண்டாம்.

எதைப் போட்டாலும் பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அப்படிச் சுரண்டாமல் (இதற்கு மில்லிங் என்று பெயர்) தடவைக்கு 40 மில்லிமீட்டர் என்று நாலு தடவை போட்டால் அரை அடி ஏறிவிடும். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி இருந்தது. இப்போது ஒன்று. ஐப்பசியில் தெருத் தண்ணீர் கேட்டைத் தாண்டி உள்ளே வருகிறது.

தார் போடும் நாளில் லாரி பக்கம் போய் நில்லுங்கள். கலவையிலிருந்து நீலப் புகை கிளம்பினால் அளவுக்குமேல் சுட்டுவிட்டது, ரோடு சீக்கிரம் விரிசல் விடும். கட்டிகட்டியாக, மினுமினுப்பில்லாமல் இறங்கினால் வழியிலேயே ஆறிவிட்டது, ரோலர் எத்தனை முறை ஓடினாலும் இறுகாது.

எங்கள் தெருவில் இன்னும் நான்கு வீட்டுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு பாக்கி. அது முடியும்வரை என் ஓட்டு பிளாஸ்டிக் கலந்த தாருக்குத்தான் என்று குழுவில் போட்டேன். சிமெண்ட் கட்சியிலிருந்து இதுவரை பதில் இல்லை. அந்த நான்கில் இரண்டு அவர்கள் வீடு.