டாக்டரிடம் ஒரு கையெழுத்தும் வாங்காமல் ஸ்ட்ரெச்சர் டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்பவருக்குப் பணம் கட்டாதீர்கள்

வெளிநாட்டில் அடிபட்டுப் படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரை ஊருக்குக் கூட்டி வர வேண்டிய நிலைமை யாருக்கும் வர வேண்டாம். ஒருவேளை வந்துவிட்டால், கூகுளில் முதலாவதாக வரும் 'ஏர் ஆம்புலன்ஸ்' விளம்பரத்துக்குப் போன் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் அப்படிப் போன் போட்டுத்தான் 4 லட்சத்து 60 ஆயிரம் ரூபாயைத் தொலைத்தோம். பணம் போனதுகூடப் பரவாயில்லை, முதுகெலும்பு உடைந்த என் அம்மா பாங்காக் விமான நிலையத்தில் ஐந்து மணி நேரம் ஆம்புலன்ஸ் தள்ளுகட்டிலில் கிடந்ததை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

போன ஜனவரியில் அப்பாவும் அம்மாவும் ஈரோட்டிலிருந்து ஒரு டூர் குழுவோடு தாய்லாந்து போனார்கள். பட்டாயாவிலிருந்து கோ லான் தீவுக்கு ஸ்பீட் போட்டில் கூட்டிப் போவார்களே, அதில் அம்மாவுக்கு முன்பக்கம் இடம் கொடுத்திருக்கிறார்கள், காற்று நன்றாக வரும் என்று. ஒரு அலையில் படகின் மூக்கு மேலே எழும்பி தண்ணீரில் அறைந்தபோது அம்மா இருக்கையை விட்டுத் தூக்கி எறியப்பட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே மறுபடி விழுந்திருக்கிறார். இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பில் எல்-1 என்ற எலும்பு நொறுங்கிவிட்டது. இப்படி அடிபடுவது அபூர்வமே இல்லை என்று அங்கே டாக்டர் சொன்னார். தயவுசெய்து, வயதானவர்களை அந்தப் படகுகளில் பின்பக்கம் உட்கார வையுங்கள். முன்பக்கம்தான் அதிகமாகத் தூக்கிப் போடும்.

விஷயம் தெரிந்து மறுநாள் ராத்திரி நான் கிளம்பிப் போனேன். டூர்காரர்கள் எடுத்துக் கொடுத்த பயணக் காப்பீடு இருந்தது, 50,000 டாலருக்கு. சிகிச்சைச் செலவை ஏற்கிறோம் என்று காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்குக் கொடுக்கும் கியாரண்டி லெட்டர் மூன்றாம் நாள் வந்தது, சிகிச்சை ஓடியது. நரம்புக்கு ஆபத்தில்லை, ஆபரேஷன் உடனே வேண்டாம், பெல்ட் போட்டு அசையாமல் படுத்திருக்கட்டும், ஒரு வாரம் கழித்து ஊருக்குக் கொண்டுபோகலாம், ஆனால் படுத்த நிலையில் மட்டும்தான், உட்கார வைக்கவே கூடாது என்றார்கள். அம்மாவை ஒருக்களிக்க வேண்டுமென்றால்கூட நான்கு பேர் சேர்ந்து, ஒருவர் எண்ணிக்கை சொல்ல, மரக்கட்டையை உருட்டுவது மாதிரி ஒரே சீராகத் திருப்புவார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மா என் சுடிதார் துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொள்வார்.

ஊருக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்யச் சொல்லிக் காப்பீட்டு உதவி மையத்துக்குப் போன் போட்டால், மூன்று நாளும் "கேஸ் ரிவ்யூவில் இருக்கிறது" என்ற ஒரே பதில், ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, பழமும் தயிருமாக ஓட்டிக்கொண்டிருந்தார். "எப்பக் கண்ணு ஊருக்குப் போறது" என்று அம்மா மணிக்கொரு தரம் கேட்க, நான் அவசரப்பட்டேன்.

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு மெசேஜ் அனுப்பிய பத்தாவது நிமிடம் போன் வந்தது. நல்ல தமிழ், பொறுமையான குரல். "சிஸ்டர், நீங்க கவலையே படாதீங்க. வியாழக்கிழமை ராத்திரி அம்மா சென்னையில இருப்பாங்க. ஸ்ட்ரெச்சர், கூட எம்.பி.பி.எஸ். டாக்டர், ரெண்டு பக்கமும் ஆம்புலன்ஸ், எல்லாம் சேர்த்து ஆறரை லட்சம், பாதிக்கு மேல அட்வான்ஸ்." காப்பீடு இருக்கிறதே என்றேன். "கட்டிடுங்க, பில் தர்றோம், அப்புறம் கிளைம் பண்ணிக்கலாம்" என்றார். கணக்கு எண் ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, கம்பெனிக் கணக்கில் இன்றைக்கு லிமிட் முடிந்துவிட்டது என்றார். அதையும் நம்பினேன். அம்மா அந்தப் பக்கம் முனகிக்கொண்டிருக்கும்போது மூளை வேலை செய்யாது.

எனக்கு அப்போது தெரியாமல் போன விஷயத்தை இப்போது சொல்கிறேன். சாதாரணப் பயணிகள் விமானத்தில் ஸ்ட்ரெச்சர் போட வேண்டுமென்றால் விமான நிறுவனம்தான் போட முடியும். எகானமியில் பின்பக்கம் ஆறு முதல் ஒன்பது இருக்கைகள் வரை மடக்கி, அதன்மேல் அவர்களுடைய ஸ்ட்ரெச்சரைப் பொருத்தி, சுற்றித் திரை கட்டுவார்கள். அத்தனை இருக்கைக்கும் காசு. அதற்கு முன்னால் மெடிஃப் என்று ஒரு மருத்துவப் படிவம் உண்டு. அதில் ஒரு பகுதியை நோயாளிக்குச் சிகிச்சை பார்க்கும் டாக்டரே நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். எலும்பு எந்த நிலையில் இருக்கிறது, உட்கார முடியுமா, ஆக்சிஜன் வேண்டுமா, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருக்கிறதா, எல்லாம் கேட்பார்கள். காற்று சேர்ந்திருந்தால் மேலே போகப் போக அது விரியும், உயிருக்கே ஆபத்து. விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு அதைப் படித்துச் சரி என்றால்தான் பயணம். பொதுவாக இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே கொடுக்கச் சொல்வார்கள். மலிவு விலை விமானங்களில் பெரும்பாலானவை ஸ்ட்ரெச்சரே ஏற்பதில்லை.

எங்களிடம் அந்த ஆள் கேட்டது பாஸ்போர்ட் நகலும் டிஸ்சார்ஜ் சம்மரியும் மட்டும். வார்டு டாக்டரிடம் யாரும் ஒரு தாள்கூடக் கொடுக்கவில்லை. "அதெல்லாம் எங்க டீம் பார்த்துக்கும்" என்றார்கள். ஏமாற்றுவதற்கான அடையாளம் அங்கேயே இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

வியாழக்கிழமை மதியம் வாடகை ஆம்புலன்ஸில் பட்டாயாவிலிருந்து பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்துக்குக் கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர். டாக்டர் என்று வந்தவர் இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுப் பையன், தோளில் ஒரு பை, அதில் பி.பி. மெஷினும் ஒரு பொட்டலம் மாத்திரையும். பதிவு எண் கேட்டேன், சார் அனுப்புவார் என்றான். செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் பி.என்.ஆரை, அதாவது டிக்கெட்டின் முன்பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார், திரும்பவும் திரையைப் பார்த்தார். அம்மா பெயரில் அடுத்தடுத்து மூன்று சாதாரண இருக்கைகள், எனக்கும் அப்பாவுக்கும் அந்தப் பையனுக்கும் ஆளுக்கொன்று. ஸ்ட்ரெச்சரும் இல்லை, மெடிஃப்பும் இல்லை. நொறுங்கிய முதுகெலும்போடு இருப்பவரை மூன்று சீட்டில் குறுக்கே படுக்க வைத்துக் கொண்டுபோவதுதான் திட்டம்! புறப்படும்போதும் இறங்கும்போதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தாக வேண்டும் என்பது விமானத்தில் ஏறிய குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தக் கவுண்டர் பெண் மறுத்தது எங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் இப்போது நினைக்கிறேன். கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் அம்மாவின் கால்கள் என்ன ஆகியிருக்குமோ.

போன் பேசிவிட்டு வருகிறேன் என்று போன பையன் திரும்பவே இல்லை. ஏஜென்ட் முதலில் "ஏர்லைன்ஸ் தப்பு" என்றார், பிறகு "இன்னும் ரெண்டு லட்சம் போட்டா பிசினஸ் கிளாஸ்" என்றார், பிறகு போனை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் தாய் மொழியில் ஏதோ சொல்லிவிட்டுத் தன் கம்பளியை எடுத்து வந்து அம்மாவுக்குப் போர்த்திவிட்டார். ஐந்து மணி நேரம். கடைசியில் அதே ஆம்புலன்ஸில் அதே மருத்துவமனைக்குத் திரும்பினோம், மறுபடியும் அட்மிஷன், மறுபடியும் டெபாசிட்.

அடுத்த நாள் காலையில் வார்டு டாக்டரே காப்பீட்டு உதவி மையத்தின் டாக்டரோடு நேரடியாகப் போனில் பேசினார். அவ்வளவுதான், அன்றைக்கே வேலை நகர்ந்தது. மூன்று நாளாக நான் ஒவ்வொரு ஆபரேட்டரிடமும் அழுதுகொண்டிருந்ததற்குப் பதில், முதல் நாளே "டாக்டரோடு டாக்டர் பேசட்டும்" என்று கேட்டிருக்க வேண்டும். மெடிஃப் வந்தது, கையெழுத்தானது, நான்காம் நாள் விமான நிறுவனம் ஒப்புக்கொண்டது. கூட வந்த டாக்டர் முந்தின நாள் மாலையே வார்டுக்கு வந்து, ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அம்மாவின் கால் விரல் ஒவ்வொன்றையும் தொட்டு "தெரியுதாம்மா" என்று கேட்டு, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியைக் குறித்துக்கொண்டு போனார். பாங்காக்கிலிருந்து சென்னை மூன்றரை மணி நேரம். சென்னையில் லிஃப்ட் வண்டி நேராக விமானக் கதவுக்கே வந்தது. இதற்கு எங்கள் கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. கட்டிவிட்டு அப்புறம் கிளைம் பண்ணலாம் என்பது இந்த விஷயத்தில் நடக்காது. நாங்களாகச் செய்த அந்த ஏற்பாட்டுக்கு முன் அனுமதி இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் ஆம்புலன்ஸ் செலவைக்கூடத் தரவில்லை, பாலிசியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. உதவி மையம் இழுத்தடித்தால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 30 நாளில் தீராவிட்டால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவரிடம் போகலாம், சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. காப்பீடே இல்லாதவர்கள், வளைகுடாவில் வேலைக்குப் போய் அடிபட்டவர்கள், ஏஜென்டைத் தேடும் முன் இந்தியத் தூதரகத்திடம் பேசுங்கள். வசதியில்லாதவர்களுக்கு உதவ இந்தியச் சமூக நல நிதி என்று தூதரகங்களில் 2009 முதல் ஒன்று இருக்கிறது.

தனி விமானம் என்று யாராவது சொன்னால் விமானத்தின் பதிவு எண்ணையும், அதை ஓட்டும் நிறுவனத்தின் உரிமத்தையும் கேளுங்கள். விளம்பரம் போடுபவர்களில் நிறையப் பேர் இடைத்தரகர்கள்தான், சொந்தமாக விமானம் கிடையாது. ஸ்ட்ரெச்சர் என்றால் பி.என்.ஆரை வாங்கி நீங்களே விமான நிறுவனத்துக்குப் போன் போட்டு, ஸ்ட்ரெச்சர் உறுதியாகிவிட்டதா, மருத்துவ அனுமதி கிடைத்துவிட்டதா என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் செய்யவில்லை. எங்களுக்கு வந்த இன்வாய்ஸில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணை ஊருக்கு வந்தபிறகு அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தேன், ஏதோ ஒரு டைல்ஸ் கடையின் எண்.

சைபர் மோசடிகளுக்கான உதவி எண் 1930-க்கு நாங்கள் புகார் சொன்னது இரண்டு நாள் கழித்து, அதற்குள் கணக்கில் ஒன்றும் இல்லை. பணம் போனது தெரிந்த நிமிடமே சொல்லியிருந்தால் முடக்க வாய்ப்பு இருந்திருக்கும் என்றார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நாமே போடலாம். அம்மா இப்போது வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடக்கிறார். அதே விமானப் படத்தோடு அந்த விளம்பரம் போன வாரம் வேறு பெயரில் திரும்ப வந்திருக்கிறது. உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ இதே மாதிரி மூன்று சீட் டிக்கெட் வந்திருந்தால், பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் கொடுங்கள். அடுத்த வாய்தாவுக்கு முன்னால் கிடைத்தால் சேர்த்துக் கொடுக்கலாம் என்று வழக்கைப் பார்க்கும் அண்ணன் சொல்லியிருக்கிறார்.