நாற்காலியும் சீலையும்: திருச்சபைத் தலைமையின் இரு வழிகள்

மட்டக்களப்பில் மார்கழி மழை பெருகி, ஆலய மண்டபம் இடம்பெயர்ந்தோரின் தங்குமிடமாகும்போது, இருவகைத் தலைமையும் ஒரே கூரையின் கீழ் தெரிந்துவிடும். ஒன்று, பதிவேட்டுடன் நாற்காலியில் அமர்ந்து ஆணையிடுவது. ஒழுங்கில்லாமல் நிவாரணம் நீதியாகப் பங்கிடப்படாது என்பதால் அதை நான் இழிவாகக் கருதவில்லை. ஆனால் சீடர்களான யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலப்புறமும் இடப்புறமும் இடம் கேட்டதுபோல (மாற்கு 10), அந்த நாற்காலி மெல்ல மெல்ல உரிமையாகிவிடுகிறது.

மற்றையது, கால் துடைக்கும் சீலையை அரையில் கட்டிக்கொண்டு பணிசெய்வது. யோவான் 13ஆம் அதிகாரத்தில் இயேசு பந்தியிலிருந்து எழுந்து, சீலையை அரையில் கட்டிக்கொண்டு, அடிமையின் வேலையாக எண்ணப்பட்ட கால்கழுவுதலைத் தம் சீடருக்குச் செய்கிறார். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்படைத்தார் என்பதை அறிந்தே அவர் எழுந்தார் என்று நற்செய்தியாளர் முன்கூட்டியே சொல்லும் இடத்தை என்னால் ஒருபோதும் எளிதில் கடந்துபோக முடிந்ததில்லை. தம்மைக் குறித்து ஐயமற்றவராலேயே அவ்வளவு தாழக் குனிய முடியும். ஆகவே தாழ்மையைத் தாழ்வு மனப்பான்மையோடு குழப்பக் கூடாது. தம்மைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாஸின் கால்களும் அன்று கழுவப்பட்டன.

நாற்காலியில் நிலைக்காமலே நிலைத்த பணிக்கு இவ்வூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மறைபணியாளர் வில்லியம் ஓல்ட், ஓராண்டு நிறைவதற்குள் இங்கேயே இறந்தார். அவர் தொடங்கிய பள்ளி மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றும் நிற்கிறது.

ஆனால் சீலையும், கால்கழுவுதலை நினைவுகூரும் பெரிய வியாழனுக்கு மட்டுமான சடங்காகிவிடக்கூடும். தேர்ந்தெடுக்கச் சொன்னால், பதிவேட்டை எழுதி முடித்தபின் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கிணற்றடியில் அடிப்பிடித்த சோற்றுக் கிடாரத்தைத் தேங்காய்த் தும்பால் தேய்க்கும் மூப்பரையே நான் தேர்ந்தெடுப்பேன்.