கோணேசபுரியிலிருந்து வெளிநாட்டுக்கு: எந்தப் பரிமாற்றம் யாருக்குப் பொருந்தும்?

ஐரோப்பாவின் எராஸ்மஸ், இந்தியாவின் ஐ.சி.சி.ஆர்., அமெரிக்காவின் ஃபுல்பிரைட், ஜப்பானின் சகுரா என்று வெளிநாட்டு வாய்ப்புகளின் பெயர்கள் எங்கள் பிள்ளைகளின் வாயில் ஒரே மூச்சில் வருகின்றன. எல்லாமே 'ஸ்கொலர்ஷிப்'தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இவை அடிப்படையிலேயே வேறானவை. சிலவற்றுக்கு மாணவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். சிலவற்றில் இரண்டு பல்கலைக்கழகங்களும் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாலும் ஒன்றும் செய்ய முடியாது. சில புதிதாக ஒரு பட்டம் தரும். சில, இப்போது படிக்கும் பட்டத்தின் ஒரு பகுதியை வேறு நாட்டில் படித்துவிட்டு வர இடம் தரும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோணேசபுரியில் உள்ள, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் போன்ற சிறிய இடத்துக்கு, தனி ஆள் வென்றெடுக்கும் பெரிய புலமைப்பரிசிலைவிட, ஒப்பந்த வழிப் பரிமாற்றமே அதிகம் பயன் தரும். அதிலும் மாணவருக்கு முன் ஊழியர்கள் போய்வர வேண்டும். சித்த மருத்துவம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அவர்களுக்கு ஐரோப்பாவைவிடத் தமிழ்நாடுதான் முன்னால் நிற்கிறது.

எராஸ்மஸ் என்ற பெயரில் இரண்டு வாய்ப்புகள்

பெரிய குழப்பம் இங்கேதான். எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணிப் பட்டம் ஒன்று. எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தின் குறுகியகால மாணவர், ஊழியர் பரிமாற்றம் மற்றொன்று.

முண்டுஸுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். முதல் பட்டம் முடித்திருக்க வேண்டும், அல்லது இறுதி வருடத்தில் இருக்க வேண்டும். புலமைப்பரிசில் கிடைத்தால் மாதம் 1400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்களுக்கு. கற்கைக் கட்டணம் கட்டத் தேவையில்லை. குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பு நடக்கும். பெரும்பாலான விண்ணப்பங்கள் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வரும். படிப்பு அடுத்த செப்டெம்பர் வாக்கில் தொடங்கும். பணத்தைப் பார்த்தால் இதற்கு நிகரானது குறைவு. ஆனால் போட்டி உலகம் முழுவதிலிருந்தும் வருகிறது. தெரிவானவர் போகிறார், படிக்கிறார். அதன் பயன் பெரும்பாலும் அவரோடு நின்றுவிடும். அவருக்குப் பின்னால் வரும் பிள்ளைக்கு அந்த வழியில் எந்த முன்னுரிமையும் இல்லை.

எராஸ்மஸ் பிளஸ் பரிமாற்றத்தில் பணம் குறைவு. வெளியிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும் மாணவருக்கு, நாட்டின் வாழ்க்கைச் செலவைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரையான உதவித்தொகையும், தூரத்தைப் பொறுத்த பயணப்படியும் கிடைக்கும். இரண்டு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை தங்கலாம். போகிற இடத்தில் கற்கைக் கட்டணம் இல்லை. இந்த நிதிக்கு விண்ணப்பிப்பது ஐரோப்பியப் பல்கலைக்கழகம். அது தன் நாட்டின் தேசிய முகவரகத்திடம் கேட்கும். நாம் இங்கிருந்து நேரே கேட்க முடியாது. ஆகவே அங்கே ஒரு துறையில் ஒருவராவது நம்மை அறிந்து, "திருகோணமலையோடு செய்வோம்" என்று எழுத முன்வர வேண்டும்.

பணத்தை மட்டும் ஒப்பிட்டால் முண்டுஸ் வெல்லும். ஆனால் பரிமாற்ற ஒப்பந்தம் ஒருமுறை ஓடத் தொடங்கினால், அடுத்தடுத்த அணிகளும் அதே வழியில் போகலாம். கிராமத்துப் பாடசாலைகளிலிருந்து வந்து, கொழும்புக்கே இரண்டு தடவை போயிராத பிள்ளைக்கு இது மிகப் பெரிய வித்தியாசம். தனக்கு முந்திய அணியில் ஒருவர் போய்வந்தார், அவரிடம் கேட்கலாம் என்பதே பாதித் தைரியம்.

வெளிநாட்டில் படித்த செமஸ்டர் வீட்டுக் கணக்கில் சேருமா?

மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது பணத்தைப் பற்றியல்ல. "சேர், எனக்கு ஒரு வருஷம் பிந்திடுமா?" என்பதுதான். நியாயமான பயம். சிறிய துறைகளில் ஒரு பாட அலகு வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த அணியோடுதான் உட்கார வேண்டும். ஐரோப்பாவின் குளிர்கால செமஸ்டர் செப்டெம்பர், ஒக்டோபரில் தொடங்கும். கோடைகால செமஸ்டர் பெப்ரவரி, மார்ச்சில். நம் நாட்டு அரச பல்கலைக்கழகங்களின் நாட்காட்டி பெருந்தொற்றுக்குப் பிறகும் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகும் தள்ளித் தள்ளிப் போனதில், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவது அதிர்ஷ்டம் போலாகிவிட்டது.

இந்த இடத்தில் எராஸ்மஸ் பிளஸுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. புறப்படும் முன்னரே மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் மூவரும் ஒரு கற்றல் உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டும். அங்கே படிக்கும் இன்ன பாடம் இங்கே இன்ன பாடத்துக்கு ஈடாகும் என்று அதில் எழுதப்படும். சித்தியடைந்து வந்தால் அதை முழுமையாக ஏற்க அனுப்பிய பல்கலைக்கழகம் கடமைப்பட்டது. வேறு பல குறுகியகாலத் திட்டங்களில் சான்றிதழ் மட்டும் கிடைக்கும். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், பெறுபேற்றுத் தாளில் ஏற்ற முடியாது.

ஈடுகட்டும் கணக்கு பார்ப்பவர்கள் பயப்படுவதுபோலச் சிக்கலானது அல்ல. ஐரோப்பிய முறையில் ஒரு வருட முழுநேரப் படிப்புக்கு 60 திறமதிப்பு (கிரெடிட்). ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு வருடத்துக்கு 30 திறமதிப்பு. ஒன்றுக்கு 50 மணி நேரம். அங்கே இரண்டு என்றால் இங்கே ஏறக்குறைய ஒன்று. ஒரு செமஸ்டரில் 30 எடுத்து வந்தால் இங்கே 15 ஆகும். கடினமான பகுதி எண்களில் இல்லை, பாட உள்ளடக்கத்தில் இருக்கிறது. பிரயோக விஞ்ஞானத்தில் கணினி விஞ்ஞானப் பாடங்களுக்கு ஈடு கண்டுபிடிப்பது எளிது. தரவுத்தளம் எங்கும் தரவுத்தளம்தான். தொடர்பாடல், வணிகப் பாடங்களில் நாட்டுக்கு நாடு உள்ளடக்கம் மாறும். அங்கே விரிவுரையாளர் உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

சித்த மருத்துவ மாணவருக்கு

இவர்கள் விடயத்தில் ஒப்பீடு முழுதும் தலைகீழாகிவிடுகிறது. ஒரு ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் மூலிகை வேதியியல் ஆய்வுகூடம் கிடைக்கலாம், ஆய்வு முறையியல் கிடைக்கலாம். ஆனால் குணபாடத்தை, அதாவது சித்த மருந்தியலை, யார் கற்பிப்பார்? நாடி பார்க்கப் பழக நோயாளிகள் வரிசையாக வரும் வெளிநோயாளர் பிரிவு எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் திறக்கப்பட்டது. அங்கே நடப்பது பட்டமேற்படிப்பும் ஆய்வும் மட்டுமே; கூடவே பெரிய மருத்துவமனை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இயங்குகிறது. மரபு மருத்துவங்களுக்கான இந்திய அரசின் ஆயுஷ் புலமைப்பரிசில், ஐ.சி.சி.ஆர். வழியாகச் சித்த மருத்துவத்தில் முதற்பட்டம் முதல் கலாநிதிப் படிப்பு வரை வழி தருகிறது. விண்ணப்பத்தை அவர்களுடைய இணையத் தளத்திலேயே போடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதற்பட்டத்துக்காக இந்தியா போவதை நான் ஊக்குவிக்கமாட்டேன். பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருடம் அங்கே போகும். திரும்பி வந்து இலங்கை ஆயுர்வேத மருத்துவ சபையின் பதிவுக்கு நிற்க வேண்டும். அதே பட்டத்தைக் கோணேசபுரியில் முடித்துவிட்டு மூன்று வருட எம்.டி. பட்டமேற்படிப்புக்குப் போவது எல்லா வகையிலும் மேல். பொது மருத்துவம், குணபாடம், குழந்தை மருத்துவம், நோய் நாடல், நஞ்சு நூல் என்று தனித்தனிப் பிரிவுகளில் ஆழமாகப் போகலாம். ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் தலைவலி குறைவு, பலாலியிலிருந்தே சென்னைக்கு விமானம் இருக்கிறது, சுவடியும் மூலநூலும் நம் மொழியில். ஒரு வருடத்துக்கும் குறைந்த மாணவர் பரிமாற்றம் தமிழ்நாட்டோடு வந்தால் இன்னும் நல்லது. அதற்கு இரு பக்கத்துப் பீடங்களும் நேரடியாகப் பேசி வழி செய்ய வேண்டும். புலமைப்பரிசில் விண்ணப்பப் படிவத்தில் அது கிடைக்காது.

ஊழியர்கள் முதலில் ஏன்?

விரிவுரையாளருக்கு உள்ள வழிகள் மாணவருடையதைவிட அதிகம், குறுகிய காலத்தவையும்கூட. எராஸ்மஸ் பிளஸில் ஊழியர் ஐந்து நாள் முதல் இரண்டு மாதம் வரை போகலாம். கற்பிக்கப் போனால் வாரத்துக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும். அங்கிருந்து விரிவுரையாளர்கள் இங்கே வரவும் அதே திட்டத்தில் இடமுண்டு. ஜப்பானின் சகுரா அறிவியல் பரிமாற்றம் 2014இல் தொடங்கியது. நாற்பது வயதுக்குட்பட்ட இளையோரை ஒரு வாரம், மூன்று வாரம் என்று அழைக்கும், விண்ணப்பிப்பது ஜப்பானிய நிறுவனம். ஃபுல்பிரைட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் சில மாதங்கள் அமெரிக்காவில் ஆய்வு செய்யலாம். கூடவே 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற பிரிவில் ஒரு அமெரிக்க நிபுணரை இரண்டு முதல் ஆறு வாரத்துக்கு இங்கே வரவழைக்கலாம். வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுப் போக முடியாத விரிவுரையாளர்கள், குறிப்பாகப் பெண்கள், இதைக் கவனிக்க வேண்டும். ஆளை அனுப்பாமலே பரிமாற்றத்தின் பாதிப் பயனைப் பெறும் வழி இது.

கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்தவருக்குக் கொமன்வெல்த்தின் 'ஸ்பிளிட் சைட்' வகை நல்ல நடுவழி: பதிவு இங்கே, அதிகபட்சம் ஒரு வருடம் பிரித்தானியாவில். முழுக் கலாநிதிப் படிப்புக்கு நீண்ட கல்வி விடுப்பில் போனால் பிணை ஒப்பந்தம் வரும். திரும்பாவிட்டால் பிணை நின்றவரின் தலையிலும் விழும். சிறிய துறை ஒன்றில் மூன்று பேரில் ஒருவர் நான்கு வருடம் இல்லாமல் போனால் மீதி இருவரும் அவருடைய வகுப்புகளையும் சுமக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதனால்தான் ஒரு வாரப் பயணங்களை நான் இளக்காரமாகப் பார்ப்பதில்லை.

அந்த ஒரு வாரத்தில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. நான்கு பாடங்களின் பாடத்திட்டத்தைக் கையில் கொண்டுபோய், அங்குள்ள விரிவுரையாளரோடு ஒரு மேசையில் உட்கார்ந்து எது எதற்கு ஈடு என்று எழுதிக்கொண்டு வந்தால், அடுத்த வருடம் போகும் மாணவரின் கற்றல் உடன்படிக்கை பாதி முடிந்த மாதிரி. விரிவுரை ஒன்று கொடுத்து, படம் எடுத்து, நினைவுப் பரிசோடு திரும்பினால் மாணவருக்கு ஒன்றுமில்லை.

கல்விசாரா ஊழியர்களை யாரும் நினைப்பதில்லை. எனக்கு இது மனவருத்தம் தரும் விடயம். எராஸ்மஸ் பிளஸின் பயிற்சிப் பயணம் நிர்வாக ஊழியருக்கும் திறந்தது. இந்திய அரசின் ஐடெக் பயிற்சித் திட்டம் 1964 முதல் இருக்கிறது. பெரும்பாலான நெறிகளுக்கு வயது 25 முதல் 45 வரை, விமானச் சீட்டு, தங்குமிடம், படி எல்லாம் அவர்கள் பொறுப்பு. திரும்பிவந்த மாணவரின் புள்ளிகளைப் பெறுபேற்றுத் தாளில் ஏற்றுபவர் பரீட்சைப் பிரிவில் இருப்பவர். வெளிநாட்டுத் திறமதிப்பு முறை எப்படி இயங்குகிறது என்று அவர் தன் கண்ணால் பார்த்திருந்தால் கோப்பு மேசையில் தூங்காது. என்னிடம் இரண்டே இடங்கள் இருந்தால் ஒன்றைப் பரீட்சைப் பிரிவுக்கும், மற்றதை நூலகத்துக்கோ ஆய்வுகூடத்துக்கோ கொடுப்பேன்.

புறப்படும் முன் ஆகும் செலவு

உதவித்தொகை எவ்வளவு என்று பார்ப்பவர்கள் அது எப்போது கைக்கு வரும் என்று பார்ப்பதில்லை. பல இடங்களில் முதல் தவணை அங்கே போய் வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வரும். சீட்டு, விசா, காப்புறுதி, முதல் மாத வாடகை எல்லாம் இங்கிருந்து போக வேண்டும். நகை அடகு வைத்து அனுப்பும் வீடுகள்தான் எங்கள் வீடுகள். ஆகவே சீட்டை யார் எடுத்துத் தருகிறார்கள் என்று முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. இதே காரணத்தால்தான் சகுரா, ஐடெக் போன்ற, செலவை அழைப்பவரே ஏற்கும் திட்டங்கள் முதல் பயணத்துக்கு ஏற்றவை.

விசா விடயத்தில் ஐரோப்பா சிரமம். 90 நாளுக்கு மேல் தங்குபவருக்குக் குறுகியகால ஷெங்கன் விசா போதாது, அந்த நாட்டின் தேசிய விசா வேண்டும். கொழும்பில் தூதரகமே இல்லாத நாடுகளும் உண்டு. சிலவற்றின் விண்ணப்பம் புது டில்லியில்தான் முடிவாகும். மூன்று மாதத்துக்குள் முடியும் ஒரு பயணம் உங்கள் ஆய்வுக்குப் போதுமென்றால் அதையே தெரிவு செய்வது புத்திசாலித்தனம். ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடம் செல்லும். பரீட்சைக்குப் பணம் கட்டுமுன், ஆங்கில மொழிமூலம் படித்ததற்கான பல்கலைக்கழகக் கடிதத்தை ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் ஏற்பார்கள்.

நாங்கள் எதைக் கொடுக்கிறோம்?

பரிமாற்றம் என்றால் அவர்களும் வர வேண்டும். நம்மிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்ற தாழ்வு மனம் இங்கே நிறைய. நிலாவெளிக் கரைக்கு எதிரே 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவின் பவளப்பாறைகள், மூன்று சமூகங்கள் அருகருகே வாழும் நகரம், சித்த மருத்துவம் என்று கடல் விஞ்ஞானிக்கும் சமூகவியலாளருக்கும் மருந்தாய்வாளருக்கும் இங்கே வேலை இருக்கிறது. கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான காலம் ஐரோப்பியரின் கோடை விடுமுறையோடு ஒத்துப்போகிறது. ஒப்பந்தம் பேசும்போது இதை முதல் பக்கத்தில் வையுங்கள்.

இன்று மூன்றாம் வருடத்தில் இருப்பவர் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, உங்கள் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எராஸ்மஸ் ஒப்பந்தத்தில் பாடத்துறைகளும் இடங்களின் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்கும். வந்தாறுமூலைத் தலைமை வளாகத்தில் கையெழுத்தானது உங்கள் துறையையும் உள்ளடக்குகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சேர்க்கச் சொல்லித் துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். எராஸ்மஸ் பிளஸின் இப்போதைய சுற்று 2027உடன் முடிகிறது, காலம் அதிகமில்லை. மற்றது, கடவுச்சீட்டு இல்லாதவர் வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ போக இந்த மாதமே நாள் பார்க்கட்டும்.