கரையிறங்கும் நாள்: கப்பலின் சுற்றுலாவா, உள்ளூர்க்காரரின் வண்டியா?

சொகுசுக் கப்பல் பயணங்களில் துருக்கியின் குசாதாசித் துறைமுகத்தில் இருமுறை கரையிறங்கி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எபேசு என்ற பண்டைய நகரின் இடிபாடுகளைப் பார்த்திருக்கிறேன். முதல்முறை கப்பல் நிறுவனம் விற்ற சுற்றுலாவிலும், இரண்டாம் முறை நானே முன்பதிவு செய்த உள்ளூர் ஏற்பாட்டாளரின் வேனிலும் சென்றேன். இடம் ஒன்றே என்பதால் இரண்டையும் ஒப்பிடுவது எளிதாக இருந்தது.

கப்பலின் சுற்றுலா கப்பலுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. காலையில் அரங்கத்தில் கூடி, சட்டையில் எண் ஒட்டிக்கொண்டு, நம் எண்ணை அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே பேருந்தில் ஏறி, வழிகாட்டி உயர்த்திப் பிடித்த எண் பலகையின் பின்னால் நடந்தோம். யாராவது ஒருவர் கழிவறைக்குச் சென்றால் மற்ற அனைவரும் வெயிலில் நின்றோம். செல்சஸ் நூலகத்தின் முன் கிடைத்தது பதினைந்து நிமிடம். அதன்பின் போன கம்பளக் கடையில் கழிந்தது ஒரு மணி நேரம். வெந்நீரில் ஊறிய பட்டுக்கூட்டிலிருந்து நூல் பிரித்துக் காட்டியது அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆப்பிள் தேநீரைக் கையில் கொடுத்தபின் கதவருகே விற்பனையாளர்கள் நின்றுகொண்ட விதம் அவ்வளவு அழகாக இல்லை. கம்பளக் கடை பற்றிய குறிப்பு கப்பலின் விவரத்தாளில் இருந்தது. படிக்காமல் விட்டது என் தவறு.

வேனில் நாங்கள் ஆறு பேர். துறைமுக வாயிலுக்கு வெளியே என் பெயர் எழுதிய அட்டையுடன் நின்றிருந்த வழிகாட்டி, எபேசின் மேல்வாயிலில் பேருந்துகள் வரிசைகட்டி நிற்பதாகத் தொலைபேசியில் கேட்டறிந்து, ஏறி நடக்கச் சம்மதமா என்று எங்களிடம் கேட்டுவிட்டுக் கீழ்வாயிலுக்கு வண்டியைத் திருப்பச் சொன்னார். தனிச் சீட்டு வாங்கி உள்ளே செல்ல வேண்டிய, சரிவில் படிப்படியாகக் கட்டிய பண்டைய வீடுகளையும், அவற்றின் சுவரோவியங்களையும் தரைப் பதிகற்களையும் அவசரமின்றிப் பார்த்தோம். நூலகத்தின் முகப்பு, விழுந்து கிடந்த கற்களைக் கொண்டு 1970களில் மீண்டும் எழுப்பப்பட்டது என்று சொல்லி, பழைய கல்லுக்கும் புதிதாகச் சேர்த்த பகுதிக்கும் உள்ள வேறுபாட்டை அருகில் நிறுத்திக் காட்டினார். முதல்முறை வந்த வழிகாட்டியும் உரிமம் பெற்றவர், நன்கு அறிந்தவர்தான். பெரும்பாலும் கப்பல் நிறுவனமும் உள்ளூர் நிறுவனத்திடம்தான் இந்தச் சுற்றுலாவை ஒப்படைக்கிறது. ஆகவே கப்பலின் சுற்றுலாவுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் கட்டணம் கூடுதல் அறிவுக்காக என்று எண்ண வேண்டியதில்லை.

அந்தக் கூடுதல் கட்டணத்தில் நாம் வாங்குவது வேறொன்று. கப்பலின் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் நம்மைச் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பாகும். நாமாகச் சென்று தாமதித்தால் செலவும் அலைச்சலும் நம்முடையவை. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள சாவோ தோமே தீவில் தனியார் சுற்றுலா சென்று தாமதமாகத் திரும்பிய எட்டுப் பயணிகள் கப்பலில் ஏற்றிக்கொள்ளப்படாமல், நாடு நாடாகத் துரத்திச் சென்று செனகலில்தான் அதைப் பிடித்தார்கள். பொதுவாகப் புறப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே அனைவரும் கப்பலில் இருந்தாக வேண்டும். கப்பலின் நேரமும் கரையின் நேரமும் சில துறைமுகங்களில் வேறுபடும். கைபேசி தானாகவே கரையின் நேரத்துக்கு மாறிவிடும் என்பதால், நான் கப்பல் நேரத்தில் ஓடும் பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்கிறேன்.

கிரேக்கத் தீவான சாந்தோரினியில் என் கணக்குத் தவறியது. அங்கே பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளைப் படகுகளில் கரைக்குக் கொண்டு செல்கிறார்கள். கப்பலின் சுற்றுலாவை வாங்கியவர்களுக்கே முதல் படகுகள் கிடைத்தன. அவை பேருந்து வரக்கூடிய அத்தினியோஸ் துறைக்குச் சென்றன. மற்றவர்களை, மலைமேல் உள்ள பீரா ஊரின் கீழுள்ள பழைய துறையில் இறக்கினார்கள். அங்கிருந்து மேலேற ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், கழுதைகள், அல்லது நீண்ட வரிசையுடன் கூடிய கம்பிவண்டி (கேபிள் கார்). ஒன்பதரை மணிக்கு மலைமேல் காத்திருப்பதாகச் சொன்ன உள்ளூர் ஏற்பாட்டாளரை நாங்கள் அடைந்தபோது மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. அவர் சுற்றுலாவைச் சுருக்கினார், கட்டணத்தைச் சுருக்கவில்லை. படகுகள் எப்படி இயங்கும் என்பது அவருக்கு அன்றாட விஷயம். முன்பே எச்சரித்திருக்க வேண்டும்.

கப்பல் துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டால் கப்பலின் சுற்றுலாவுக்குக் கட்டிய பணம் தானாகத் திரும்பிவிடும். உள்ளூர்க்காரரிடம் இதை எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே முன்பணம் கட்டுகிறேன். முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்பவரைத் தவிர்க்கிறேன்.

ரோமுக்கான துறைமுகமான சிவிட்டாவெக்கியா, ரோம் நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. அங்கே வழிகாட்டியில்லாமல் போக்குவரத்தை மட்டும் கப்பலிடம் வாங்கினேன். நகரில் இறக்கிவிட்டு, குறித்த நேரத்தில் ஏற்றிக்கொண்டார்கள். கப்பலின் பட்டியலில் மிகப் பயனுள்ளது இதுதான் என்பது என் கருத்து, ஆனால் பட்டியலின் அடியில்தான் அது கிடக்கும்.

அடுத்த பயணத்தில் இத்தாலியின் லிவோர்னோத் துறைமுகமும் கிரேக்கத்தின் கத்தாகோலோன் துறைமுகமும் வருகின்றன. லிவோர்னோவிலிருந்து புளோரன்ஸ் தொலைவு என்பதால் அதே போக்குவரத்துச் சீட்டை எடுத்துவிட்டேன். கத்தாகோலோனிலிருந்து ஒலிம்பியா அருகில்தான். அங்கே உள்ளூர் வேன் ஒன்றைப் பேசியிருக்கிறேன், திரும்பும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி வைத்து.