ஆன் ஃபிராங்க், தான்யா சவிச்சேவா: யாருடைய நாட்குறிப்பு வலுவான சாட்சி?

இரண்டு பேரும் இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இறந்துபோன சிறுமிகள், ஒற்றுமை கிட்டத்தட்ட அதோடு சரி. நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன், மக்களின் போர்க்கால நாட்குறிப்புகள் பிற்பாடு சேகரிக்கப்படும் என்று 1944 மார்ச்சில் வானொலியில் கேட்ட பிறகு, அதுவரை எழுதியதை எடுத்து வெட்டித் திருத்தி மறுபடி எழுத ஆரம்பித்தாள். அதாவது வாசகரை மனதில் வைத்து. அதனால் பொய்யாகிவிடுமா என்ன? சண்டை, சலிப்பு, அம்மா மீதான எரிச்சல் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

ஜெர்மன் படையின் முற்றுகையில் சிக்கிப் பட்டினி கிடந்த சோவியத் நகரமான லெனின்கிராடில் தான்யா எழுதியது சில வரிகள்தான். அக்காவின் குறிப்பேட்டில், முகவரி எழுதும் அகரவரிசைப் பக்கங்களில், வீட்டில் யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு இறந்தார்கள் என்று மட்டும். 1941 டிசம்பர் 28 முதல் 1942 மே 13 வரை ஆறு பேர். கடைசியாக அம்மா, காலை 7.30. எல்லாரும் போய்விட்டார்கள், தான்யா மட்டும் மிச்சம் என்று முடித்தாள். உண்மையில் ஓர் அக்காவும் அண்ணனும் உயிரோடிருந்தார்கள், அவளுக்குச் சேதி வரவில்லை. அந்தப் பிழையே எனக்குப் பெரிய சாட்சியாகப் படுகிறது: அந்த ஊரில் அப்போது காணவில்லை என்றாலே செத்தாச்சு என்றுதான் கணக்கு.

ஆவணம் என்றால் என் ஓட்டு தான்யாவுக்கு. ஒளிந்து வாழ்வது நாளுக்கு நாள் எப்படியிருந்தது என்று கேட்டால் மட்டும் ஆனின் நாட்குறிப்பைத்தான் கையில் கொடுப்பேன்.